ஆடறவங்க யாரு, பாக்கறவங்க யாரு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில்தான் ஏறுவார்கள். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகப் போனால் இன்னொரு சாலை இருக்கிறது. கொட்டச்சேடு அந்தச் சாலையில் வரும் ஊர். சில வருடங்களாக அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மலையாளி. கேரளத்துக்காரர் இல்லை, சேர்வராயன் மலையின் பூர்வகுடியான மலையாளி.

ஒரு மாலை அவருடைய திண்ணையில் உட்கார்ந்து, மெல்பர்னில் நான் போயிருந்த கிரேக்க விழாவின் வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இதுல ஆடறவங்க யாரு தம்பி, பாக்கறவங்க யாரு?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

மெல்பர்ன் லான்ஸ்டேல் தெருவில் கிரேக்கச் சமூக அமைப்பு நடத்தும் விழா அது. அந்த அமைப்பு 1897இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று விழாவில் ஓடியாடி வேலை செய்கிறார்கள். அன்றைக்குத் தெரு முழுக்கக் கரிப்புகை. கம்பியில் கோத்துச் சுடும் இறைச்சிக்கு சுவ்லாக்கி என்று பெயர். லூகுமாதெஸ் என்று ஒரு பண்டம். மாவை உருட்டி எண்ணெயில் பொரித்துத் தேனில் புரட்டித் தருகிறார்கள். நம்ம ஊர் இனிப்புப் பணியாரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். மேடையில் சிறுவர்கள் ஆடினார்கள். கொஞ்ச நேரத்தில் 'சோர்பா' இசை ஒலித்ததும் மேடைக்குக் கீழே வரிசை உருவாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். கால் தப்பியது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஆட்டத்தின் கதை வேடிக்கையானது. சிர்தாகி என்ற அது ஆதிகாலத்து நடனமே அல்ல. மிகாலிஸ் காகோயானிஸ் 1964இல் இயக்கிய 'சோர்பா தி கிரீக்' படத்துக்காக உருவாக்கப்பட்டது. இசை மிகிஸ் தியோதோராகிஸ். அதற்கு அடிப்படை ஹசாபிகோ என்ற பழைய ஆட்டம். பெயருக்குக் கசாப்புக்காரர்களின் ஆட்டம் என்று பொருள். நம்முடைய 'கசாப்பு' எந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததோ, அதே சொல்தான் துருக்கி வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆக, சினிமாவில் பிறந்த ஓர் ஆட்டத்தைக் கிரேக்கர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஒரு கலை பழமையானதா, 'அசல்'தானா என்பதல்ல பிரச்சினை. அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மலை மேடைகளைப் பார்க்கலாம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று கோடை விழாக்கள் நடக்கின்றன. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, மாலையில் கலை நிகழ்ச்சி. அவற்றில் ஓர் இடம் 'பழங்குடியினர் நடன'த்துக்கு. நான் பார்த்த ஒரு மேடையைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த வருடம் என்பது அவசியமில்லை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு மேடையைப் பார்க்காதவர் குறைவு. ஆட்டத்துக்கு ஒதுக்கிய நேரத்தைவிட பொன்னாடைகளுக்கு ஆன நேரம் அதிகம். ஆடைகள் கீழேயிருந்து வாடகைக்கு வந்தவை. பாட்டு பென்டிரைவில். அறிவிப்பாளர் "அடுத்து மலைவாழ் மக்களின் பாரம்பரிய நடனம்" என்றார். எந்தக் கிராமம், எந்தச் சடங்கில் ஆடுவது, பாட்டு என்ன சொல்கிறது, எதுவும் சொல்லப்படவில்லை. 'மலையாளி' என்ற பெயரைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர் மனைவியிடம், "கேரளாவுலேர்ந்து கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றார். அதைத் திருத்த மேடையில் யாருக்கும் தோன்றவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறிய அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது மலையாளிகளின் மரபுக் கதை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. அதன் பிறகு மலைச்சரிவுகள் எஸ்டேட்டுகள் ஆயின. மலைக்காரர்களில் பலர் அவற்றில் கூலிக்குப் போனார்கள். இன்றும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அப்படிப்பட்ட மக்கள் சொந்த மலையிலேயே வெளியூர்க் கலைக்குழுவாக அறிமுகமாவது எவ்வளவு பெரிய அபத்தம்!

மேடையே தப்பு, கிராமத்துக் கலையை மேடையேற்றினாலே செத்துவிடும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஏதென்ஸில் டோரா ஸ்ட்ராடூ என்ற பெண்மணி 1953இல் நாட்டார் நடனங்களுக்கென்றே ஓர் அரங்கைத் தொடங்கினார். அதுவும் ஒரு குன்றில்தான் இருக்கிறது, பிலோபாப்பூ குன்றில். கிராமங்களிலிருந்து ஆட்டங்களையும் பாட்டுகளையும் உடைகளையும் சேகரித்து, எது எந்தப் பகுதிக்கு உரியது என்ற அடையாளத்தோடு மேடையேற்றினார். அங்கேயும் டிக்கெட் உண்டு, சுற்றுலாப் பயணிகள் உண்டு. ஆனால் ஊர்ப்பெயர் அழியவில்லை. ஆக, குற்றம் மேடையின் மேல் இல்லை. தெரிந்துகொள்ளாமல் போடும் மேடையின் மேல்.

மறுபக்கம், மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா இருக்கிறது. உச்சியில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். சுற்றுக் கிராமங்களிலிருந்து சனம் திரளும். அங்கேயும் ஒலிபெருக்கி அலறுகிறது, பிளாஸ்டிக் பொம்மைக் கடைகள் வருகின்றன. அதைப் புனிதப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அங்கே மேளம் கேட்டு ஆடுகிறவரை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. அங்கே விருந்தாளி நான்தான். லான்ஸ்டேல் தெருவிலும் அப்படித்தான் இருந்தேன்.

பெரியவரின் பேத்தியும் ஒரு தடவை இப்படியொரு கோடை மேடையில் ஆடியிருக்கிறாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "அது நம்ம ஆட்டம் இல்லீங்க தம்பி. ஆனா புள்ளைங்க சந்தோசமாத்தான் ஆடுச்சுங்க. அத ஏன் கொற சொல்லணும்?" என்றார். அவர் சொல்வது நியாயம். என் விமர்சனம் பிள்ளைகள் மேல் அல்ல.

என் மேலும் கொஞ்சம் உண்டு. சுவ்லாக்கிக்கு என்னென்ன சேர்ப்பார்கள் என்று மெல்பர்னில் நின்று விசாரித்த நான், இவர் வீட்டுச் சாமைச் சோற்றைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோடை விழாக் கூட்டத்தில் மிளகாய் பஜ்ஜியும் ஸ்வீட் கார்னும் வாங்கித் தின்றுவிட்டு, மலையைப் பார்த்துவிட்டதாக நினைத்து இறங்குகிறவர்களில் நானும் ஒருவன்.

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஆடுகிறவர்களின் கிராமத்துப் பெயரைச் சொல்லுங்கள். அறிவிப்பாளரின் மைக்கை ஐந்து நிமிடம் அவர்களிடம் கொடுங்கள். மலைப் பெண்கள் சாமைச் சோறும் ராகிக் களியும் விற்க ஒரு கடை ஒதுக்குங்கள். கடைசி ஆட்டத்துக்காவது எல்லாரையும் கூப்பிடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாரையும் கூப்புடறது சரிதான். வந்தா கால் பழகற வரைக்கும் நிக்கணும். நிப்பாங்களா?" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சாமைச் சோறு எப்படி ஆக்குவது என்று மட்டும் கேட்டேன். உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார்.