டோங்காத் தீவில் ஒரு சமயத் தொண்டர்: நூலும் படமும்

சமயத் தொண்டர்கள் எழுதும் தன்வரலாறுகளிற் பெரும்பாலானவை இரண்டு குறைகளுக்கு ஆளாகின்றன. ஒன்று, மனிதனை மறந்து கொள்கையையே பேசுவது. மற்றொன்று, தாம் சென்ற நாட்டு மக்களைத் தம் வெற்றிக்குப் பின்னணித் திரையாக ஆக்கிவிடுவது. ஜான் குரோபெர்க் எழுதி 1993-இல் வெளிவந்த ‘இன் தி ஐ ஆஃப் தி ஸ்டார்ம்’ என்னும் நூல் முதற்குறையிலிருந்து பெரிதும் தப்பியிருக்கிறது. இரண்டாவதிலிருந்து பாதியளவே தப்பியிருக்கிறது. அதனைத் தழுவி மிட்ச் டேவிஸ் இயக்கத்தில் 2001-இல் வெளிவந்த ‘தி அதர் சைட் ஆஃப் ஹெவன்’ என்னும் திரைப்படமோ இரண்டாவது குறையில் நன்றாகவே அகப்பட்டுக்கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயன் தரும்.

குரோபெர்க் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தவர். 1830-இல் ஜோசப் ஸ்மித் நிறுவிய மார்மன் சபையைச் சார்ந்தவர். அச்சபையின் இளைஞர்கள் ஊதியம் எதுவும் பெறாமல், தம் சேமிப்பையும் குடும்பத்தார் உதவியையும் கொண்டு, சில ஆண்டுகள் வேற்றூர்களில் சமயப் பணி புரிவது வழக்கம். இருவர் இருவராகவே செல்வார்கள். இருபது வயதைத் தொட்ட இளைஞனுக்கும் ‘மூப்பர்’ என்றுதான் பட்டம்! இவ்வாறு 1950-களில் டோங்காவுக்கு அனுப்பப்பட்ட குரோபெர்க், நாட்டின் வடகோடியிலுள்ள நியூவாடோபுடாபு என்னும் சிறு தீவில் பணியாற்றப் பணிக்கப்பட்டார். துணைக்கு வந்தவர் ஃபெக்கி என்ற டோங்கா இளைஞர். அன்று டோங்கா பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் இருந்தது. எனினும் அரியணையில் வீற்றிருந்தவர் அந்நாட்டு அரசியான சலோட்டே.

சிறியவற்றின் சிறப்பு

நூலின் உயிர் அதன் அன்றாடச் செய்திகளில் இருக்கிறது. கப்பல் வந்தாலன்றிக் கடிதம் இல்லை. உறங்கும்போது எலிகள் உள்ளங்காலைக் கடித்துவிடுகின்றன. விழித்தவர் நடக்க இயலாமற் கிடக்கிறார். பெரும்புயல் அடித்துப் பயிர்கள் அழிகின்றன. எதிர்பார்த்த கப்பல் வரவில்லை. தீவு முழுதும் பட்டினி. இவ்விடங்களில் ஆசிரியர் தம்மை வீரராகக் காட்டவில்லை. பசியால் மெலிந்து, சாவு நெருங்கிவிட்டதோ என்று எண்ணும் ஓர் இளைஞராகவே காட்டுகிறார். படிப்பவர் எச்சமயத்தவராயினும் இப்பகுதிகளில் அவரோடு ஒன்றிவிடுவர்.

மொழி கற்ற வரலாறு இவை எல்லாவற்றினும் மேலானது. தீவினர் பேசுவது அவருக்கு விளங்கவில்லை. அவர் பேசுவது தீவினருக்கு விளங்கவில்லை. ஆகவே ஆங்கில விவிலியத்தையும் டோங்கா மொழி விவிலியத்தையும் எதிரெதிரே விரித்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, நோன்பும் வேண்டுதலுமாக நாட்கணக்கில் அமர்ந்து படிக்கிறார். போதிக்க வந்தவன் முதலில் மாணாக்கனாக வேண்டியிருக்கிறது. பிரிவின் காரணங்களை வகுத்த தொல்காப்பியர் ஓதற்பிரிவு, பகைவயிற் பிரிவு, தூதிற்பிரிவு எனக் கூறினார். அந்த இலக்கணத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், காதலி ஜீனை ஊரில் விட்டுத் தூதுக்காகப் புறப்பட்ட இப்பிரிவு, தீவை அடைந்ததும் ஓதற்பிரிவாக மாறிவிட்டது எனலாம். நூலின் சிறந்த பகுதி அம்மாற்றமேயாகும்.

சொல்லாமல் விட்ட வரலாறு

ஆயினும் இங்கே ஒரு வினா எழுகிறது. அந்த டோங்கா விவிலியம் எங்கிருந்து வந்தது? அது மெதடிஸ்ட் போதகர்களும் அவர்களுக்குத் துணைநின்ற டோங்கா மக்களும் முந்திய தலைமுறைகளில் உழைத்துத் தந்த செல்வம். டோங்காவை ஒன்றுபடுத்திய மன்னர் தௌஃபாஆகாவ் 1831-லேயே திருமுழுக்குப் பெற்று ஜார்ஜ் என்னும் பெயர் பூண்டார். ஓய்வுநாளில் தொழில் செய்வதை நாட்டின் அரசியற் சட்டமே தடை செய்கிறது. எனவே குரோபெர்க் சென்றது கிறிஸ்துவை அறியாத நாட்டுக்கு அன்று. நூறாண்டுக்கும் மேலாகக் கிறிஸ்துவம் வேரூன்றியிருந்த நாட்டுக்கு. எந்தச் சபையினரைத் தம் பக்கம் அழைக்கச் சென்றாரோ, அந்தச் சபையினரின் ஏடே அவருக்கு ஆசானாயிற்று! இவ்வுண்மையை நூல் தன்னிடத்தே கொண்டிருக்கிறது. ஆனால் அதன்மேல் நின்று சிந்திக்கவில்லை.

உள்ளூர்ப் போதகர் அவரை எதிர்க்கும் பகுதியும் இதனாலேயே மெலிந்துவிடுகிறது. திரைப்படத்தில் அவ்வெதிர்ப்பு கதாநாயகன் தாண்டவேண்டிய ஒரு தடையாக மட்டுமே வருகிறது. மார்மன் தொண்டர்கள் முதன்முதலில் டோங்காவுக்கு வந்தது 1891-இல். 1897-இல் பணியைக் கைவிட்டுச் சென்றனர். 1907-இல் மீண்டும் வந்தனர். 1922-இல் அவர்கள் நாட்டுக்குள் நுழைவதையே சட்டம் தடுத்தது. 1924-இல் அத்தடை நீக்கப்பட்டது. இத்தனை இழுபறிக்குப் பின்னர்தான் குரோபெர்க் அங்கே அடியெடுத்து வைத்தார். இவ்வரலாற்றை அறிந்தவருக்கு அப்போதகர் கொடியவராகத் தோன்றார். தம் மந்தையைக் காக்க முனைந்த மேய்ப்பராகவே தோன்றுவார். திரைக்கதை அவ்வரலாற்றுக்குள் புகவில்லை. எதிர்ப்பவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று காட்டும்போதுதான் கதை உயர்கிறது என்பதை நாடகம் எழுதுவோர் அனைவரும் அறிவர்.

மரத்திலிருந்து விழுந்து, இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட சிறுவன் பிழைத்தெழும் நிகழ்ச்சியும் ஆராயத்தக்கது. அது ஆசிரியரின் நம்பிக்கை. அதனை அவர் சான்று கூறும் முறையில் எழுதுவதில் தவறில்லை. அது நிகழ்ந்ததா என்று வழக்காடுவது திறனாய்வின் வேலையுமன்று. ஆனால் இலக்கியம் என்ற அளவில், முடிவு இன்னதென்று முன்கூட்டியே உறுதிப்பட்டுவிட்ட இடத்தில் படிப்பவரின் நெஞ்சு துடிப்பதில்லை. எலி கடித்த கால்களோடு கிடந்த இரவுகளும், வராத கப்பலுக்காகக் காத்திருந்த பகல்களும் தரும் உணர்ச்சியை அற்புதங்கள் தரவில்லை.

விருந்தோம்பியவர் யார்?

இன்னொரு குறை எல்லாவற்றினும் பெரிது. அந்த இளைஞருக்கு உணவிட்டவர்கள் தீவினர், படகோட்டியவர்கள் தீவினர், தவறாகப் பேசியபோது திருத்தியவர்களும் அவர்களே. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த தமிழ் மரபில் வந்த வாசகர், விருந்தினனின் பெருமையைக் காட்டிலும் விருந்திட்டவரின் பெருமையைத்தான் முதலில் தேடுவர். நூலில் அதற்கு ஓரளவு இடம் உண்டு. நன்றியுணர்ச்சி பல பக்கங்களில் உண்மையாகவே ஒலிக்கிறது. திரைப்படத்திலோ ஐடஹோவுக்கும் தீவுக்கும் இடையே பறக்கும் காதற்கடிதங்களே மையமாகிவிடுகின்றன. ஃபெக்கியும் இளைஞர்தாம், அவரும் வீட்டை விட்டு வந்தவர்தாம். அவர் யாரைப் பிரிந்து வந்தார், யாருக்குக் கடிதம் எழுதினார்? அதைக் கேட்கப் படம் நினைக்கவில்லை. படம் பிடிக்கப்பட்டதும் டோங்காவில் அன்று. குக் தீவுகளின் ரரொட்டோங்காவிலும் நியூசிலாந்திலும். தென்னையும் நீலக் கடலும் இருந்தால் எத்தீவும் ஒன்றே என்ற எண்ணம் இதில் தொனிக்கிறது.

இது சிறு குறையன்று. 2009 செப்டம்பரில் எழுந்த ஆழிப்பேரலை நியூவாடோபுடாபுவைத் தாக்கியது. 9 பேர் மாண்டனர். கடலோர வீடுகள் பல அழிந்தன. ஒரு காலத்தில் அவ்வூர்கள் எவ்வாறு உண்டு, உழைத்து, வழிபட்டு வாழ்ந்தன என்பதற்கு வெளியுலகம் படிக்கக்கூடிய எழுத்துச் சான்றுகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று இந்நூல். ஆகவே இதிலுள்ள ஒவ்வொரு சமையலும், ஒவ்வொரு படகுப் பயணமும் அருள்வாக்குகளைக் காட்டிலும் விலை கூடியனவாகிவிட்டன. அந்தத் தொண்டர் வாழ்க்கையும் மாறிவிட்டது. 2019 முதல் மார்மன் தொண்டர்கள் வாரந்தோறும் பெற்றோருடன் பேச இசைவு பெற்றிருக்கின்றனர். கடிதத்துக்காகக் கடலைப் பார்த்திருந்த தனிமை இனி வராது.

அவர் மேற்கொண்ட பணி வீண்போயிற்று என்று கூறவும் இயலாது. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி டோங்கா மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மார்மன் சபையினர். அம்மக்கள் ஏன் மாறினர், எதை ஏற்றனர், எதை விட்டனர் என்பதைத் தொண்டர் சொல்ல முடியாது, மாறியவர்தாம் சொல்லவேண்டும். கரையில் நின்று அந்த வெள்ளை இளைஞனின் வருகையைப் பார்த்த ஒரு டோங்கா மகனோ மகளோ எழுதும் நூல் இதன் அருகே வைக்கப்படும்போதுதான் கதை முழுமை பெறும். அதுவரை, படத்தை ஒருமுறை பார்த்து விட்டுவிடலாம். நூலையோ, அதில் பேசாதிருப்பவர்களையும் நினைவிற் கொண்டு, நிதானமாகப் படிக்கவேண்டும்.