கடைசித் தாளில் ஒரு மதிப்பெண்

மலேசிய மலையூரான பிரிஞ்சாங்கின் குளிரில் நாவலை வேகமாகப் படிக்க முடியாது. பனிமூட்டத்தின் ஈரம் ஏறிய தாள் மொடமொடப்பை இழந்து, விரலோடு ஒட்டி, மெதுவாகத்தான் புரளும். அந்த நிதானத்தோடு படித்து, ஓரத்தில் பென்சிலால் மெல்லக் கீறி, கடைசித் தாளில் மதிப்பெண் போடுவது அலாதி சுகம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’க்குப் பத்துக்கு ஏழு: இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை, கொஞ்சம் நீளம், ஆனால் மனசுள்ள எழுத்து. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுத, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’க்கு எட்டு. டேனியல் மருத்துவர்; வால்பாறைத் தோட்டங்களின் துயரத்தை நாடி பிடிக்கும் பொறுமையோடு சொல்கிறார். அதைப் படித்தபின் இங்கே சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளின் பச்சை வெறும் அழகாகத் தெரிவதில்லை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’க்கு ஒன்பது. தேயிலை வாடையே கிடையாது. மெடான், பினாங்கு, இரண்டாம் உலகப் போர்க்காலம். வாய்விட்டுப் படிக்க வேண்டிய உரைநடை: மலாய்ச் சொல்லும் மதுரைப் பேச்சும் பழந்தமிழ் எள்ளலும் ஒரே மூச்சில் வந்து விழும். நாயகன் பாண்டியனின் மனவோட்டங்களில் என் பென்சில் அடிக்கடி நின்றது. பெண் பாத்திரங்கள் மெலிந்திருப்பதால் ஒரு மதிப்பெண் குறைத்தேன் (நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்). ஒன்றுக்குத்தான் நேரமென்றால் சிங்காரத்தையே எடுங்கள்.