அறிக்கை வந்தது, ஆய்வு எங்கே?

புதுவை விந்தையான ஊர். வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு நகர். மேற்கே ஒரு நகர். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரன் ஆட்சியை ஒப்படைத்துவிட்டான். ஆனால், அவன் சூட்டிய தெருப்பெயர்கள் கப்பலேறவில்லை! அந்த ஊரிலே, 2002 செப்டம்பர் 29 தொடங்கி அக்டோபர் 1 முடிய, உளவியல் அறிஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினர். யோகமும் இந்திய உளவியல் நெறிகளும் மாநாட்டின் பொருள். முடிவில் ஓர் அறிக்கை பிறந்தது. 'புதுச்சேரி அறிக்கை' என்றே உளவியல் உலகம் அதனை இன்றும் குறிக்கிறது. ஊரின் பெயரைச் சுமந்து உலவும் அறிக்கை. அதனை உரைகல்லில் தேய்த்துப் பார்க்க ஊராருக்கு உரிமை உண்டன்றோ?

அறிக்கைக்கு இரண்டு கூறுகள். ஒன்று குறை, மற்றொன்று மருந்து. இந்நாட்டில் கற்பிக்கப்படும் உளவியல் மேலைநாட்டு இறக்குமதி, பார்த்தெழுதிய பாடம், நம் மக்களின் வாழ்வோடு ஒட்டாதது என்பது குறை. இந்நாட்டுப் பழம்பெரும் நூல்களிலும் யோக நெறிகளிலும் உளவியல் செல்வம் குவிந்து கிடக்கிறது, அதனை எடுத்து வளர்ப்போம், கல்லூரிகளில் கற்பிப்போம் என்பது மருந்து.

முதலில் நேர்மையோடு ஒன்றைச் சொல்லிவிடுவோம். குறை மெய், முற்றிலும் மெய்!

ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் என்னும் மூவர் 2010-இல் எழுதிய கட்டுரை ஒன்று உளவியல் உலகை உலுக்கிற்று. முதன்மையான ஆய்விதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 96 பேர் மேலைத் தொழில்நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்நாடுகளின் மக்களோ உலக மக்களில் நூற்றுக்கு 12 பேர் மட்டுமே! அவர்களிலும் பெரும்பகுதியினர் கல்லூரி மாணவர்கள். அமெரிக்க வகுப்பறையில் அமர்ந்திருப்பவனை அளந்துவிட்டு, 'மனிதனை அளந்தோம்' என்று எழுதினர். பாஸ்டன் மாணவனின் மனம்தான் பாகூர் உழவனின் மனமா? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், மறுக்கவில்லை. ஆனால், ஒரு வீட்டுப் பானையில் எடுத்த சோறு ஊர்ப்பானைகளுக்கெல்லாம் பதமாகுமோ? ஆய்வுக்கு ஆட்களைத் தெரிந்தெடுப்பதில் நேரும் இப்பிழையைத்தான் உளவியல் மாணவன் முதலாண்டிலேயே கற்கிறான்.

நோயைச் சரியாகக் கண்டார்கள். மருந்து என்ன கொடுத்தார்கள்? அங்கேதான் அறிக்கை சறுக்குகிறது.

பழைய ஏடு என்பது யார் மனத்தின் படம்? எழுத்தறிந்தவன் மனத்தின் படம். துறவியின் மனம், குருவின் மனம், நூலைத் தொடும் உரிமை பெற்றவனின் மனம். ஏர் பிடித்தவள் தன் அச்சத்தை எந்த ஓலையில் எழுதினாள்? சேரியில் பிறந்தவன் தன் மானத்தின் வலியை எந்தச் சுவடியில் பதித்தான்? மேலைநாட்டான் கல்லூரி மாணவனை எடுத்துக்கொண்டு உலகை மறந்தான். இவர்கள் ஏடெழுதியவனை எடுத்துக்கொண்டு ஊரை மறக்கிறார்கள். பிழை அதே பிழை, உடைதான் வேறு! எதனைக் குறையென்று கூறிற்றோ அதனையே மருந்தென்று நீட்டுகிறது அறிக்கை.

'உங்கள் தொல்காப்பியத்தை மட்டும் விட்டுவிடுவீர்களோ?' என்று கேட்பார் உண்டு. விடமாட்டோம்! பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு உணர்ச்சிகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு நான்கையும் கூறுகிறது. படித்து வியக்கிறோம், மார்பு விம்முகிறது. ஆனால், அமெரிக்க அறிஞர் எக்மன் ஆறு என்றார், எம் ஆசான் எட்டு என்றார், ஆகவே எமக்கே வெற்றி என்று முரசறைந்தால் அஃது அறிவாகாது. எட்டு என்பது கூர்த்த மதியர் ஒருவர் தந்த கருதுகோள். கருதுகோள் வினா, விடையன்று. மக்களிடையே சென்று ஆய்ந்த பிறகே அது முடிவாகும். யார் வாய்ப் பிறந்த சொல்லாயினும் மெய்ப்பொருளைத் தேடச் சொன்ன வள்ளுவரின் வழிவந்தோர், தம் ஏட்டுக்கு மட்டும் விலக்குக் கேட்கலாமா?

இனி, யோகத்தைக் கருவியாக்க விழைவோரின் வாதம்: 'அகத்தை அகத்தாலேயே நோக்கலாம், பயின்றவன் கூறும் அனுபவமே சான்று.' இவ்வழியில் மேலைநாட்டார் முன்பே நடந்து பார்த்தனர். 1879-இல் லைப்சிக் நகரில் வுண்ட் ஆய்வகம் கண்டார். பயிற்சி பெற்றோர் தம் மனத்தைத் தாமே நோக்கி உரைத்தனர். விளைவு? உருக்காட்சி இல்லாமல் எண்ணம் எழுவதுண்டு என்றது வூர்ட்ஸ்பர்க்கில் இருந்த குழு. இல்லவே இல்லை என்றார் கார்னெலில் இருந்த டிச்சனர். இருவரும் உள்ளே பார்த்தவர்களே! தீர்ப்பளிக்க நடுவர் எங்கே? வழக்குத் தீரவில்லை. 1913-இல் வாட்சன், அகநோக்கே வேண்டா என்று அதனைத் தள்ளிவிட்டார். அவர் தள்ளியதும் மிகையே. எனினும், ஒருவன் கூற்றை மற்றொருவன் சோதிக்க இயலாத இடத்தில் அறிவியல் நிற்காது என்னும் பாடம் நிலைத்தது.

எப்படிச் சோதிப்பது? பாரிசு நகரம் 1784-லேயே வழி காட்டியது. காந்த ஆற்றலால் நோய் தீர்ப்பதாக மெஸ்மர் என்பவரும் அவர் சீடர்களும் கூறிவந்தனர். மன்னன் பதினாறாம் லூயி ஆய்வுக் குழு அமைத்தான். பிராங்க்ளினும் லவாசியேவும் அதில் இருந்தனர். தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் 'ஆற்றல்' ஏற்றினார் சீடர். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கண்ணைக் கட்டி, ஆற்றல் ஏற்றாத வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான்! ஆற்றல் மரத்தில் இல்லை, எதிர்பார்ப்பில் இருந்தது. கண்கட்டு வித்தையைக் கண்ணைக் கட்டியே கண்டுபிடித்தனர். மருந்தையும் மனப்பயிற்சியையும் சோதிக்க ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். விடியலில் நடப்போர் நலமாக இருக்கின்றனர். நடையால் நலமா? நலத்தால் நடையா? தியானத்தில் அமர்வோர் அமைதியாக இருக்கின்றனர். தியானம் தந்த அமைதியா? அமைதியுடையார் தியானத்தை நாடினரா? பார்த்தால் தெரியாது; குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டால்தான் தெரியும். இரண்டு சேர்ந்து வருவது வேறு. ஒன்று மற்றொன்றைப் பிறப்பிப்பது வேறு.

இம்முறையைக் கொண்டு நம் மண்ணின் மனத்தை ஆயலாமா? ஆய்ந்து காட்டினர் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும். 2006-இல் அவர்கள் முடிவு அச்சாயிற்று. உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள். உயர்சாதியினர் எனப்படுவோர் பாதி, தாழ்த்தப்பட்டோர் பாதி. தாளில் வரைந்த சிக்கல்வழிப் புதிர்களைத் தீர்க்க வேண்டும். புதிர் ஒன்றுக்கு ஒரு ரூபாய். சாதியை வெளியிடாத குழுக்களில் இரு சாராரும் ஏறக்குறைய ஒத்தே தீர்த்தனர். வேறு குழுக்களில் ஒவ்வொருவனின் பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி அனைத்தையும் எல்லார் முன்னும் உரக்கப் படித்தனர். அவ்வளவே செய்தனர். தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது!

அதே வயது, அதே புதிர், அதே ஒரு ரூபாய். மாறியது அந்த ஒரு சொல்! பிறவியிலேயே அறிவு குறைந்தவன் என்று நூற்றாண்டுக் கணக்கில் பேசிய வாய்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ? இதுவன்றோ இந்நாட்டு உளவியல்! எந்த ஏட்டைப் புரட்டியும் இந்த உண்மை கிடைத்திராது. இதனையும் வேறு ஊர்களில் மீண்டும் செய்து பார்க்கவேண்டும். நமக்கு இனிக்கும் முடிவு என்பதால் அதற்கு விலக்கு இல்லை.

மேலைநாட்டாரிடம் கடன் வாங்கத் தகுந்தது இந்த நாணயமே. 2015-இல் அவர்கள் தம் ஆய்விதழ்களில் வந்த நூறு ஆய்வுகளைத் தாமே மீண்டும் செய்தனர். முதன்முறை அவற்றுள் 97 உறுதியான முடிவு காட்டியவை. மறுமுறை அவ்வாறு காட்டியவை நூற்றுக்கு 36. மூடி மறைக்கவில்லை, அச்சிட்டு அறிவித்தனர். தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடுதான் அறிவியல்.

புதுவை மாணவத் தோழர்களே! அறிக்கையின் குறைகூறலை ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் மருந்தைச் சோதிக்காமல் விழுங்காதீர்கள். காலாப்பட்டிலே பல்கலைக்கழகம் இருக்கிறது. வாய்க்காலுக்கு இருபுறமும் மனிதர்கள் இருக்கிறார்கள். மீனவக் குப்பத்திற்குச் செல்லுங்கள். ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குச் செல்லுங்கள். இதுவரை எவரும் கேளாதவர்களிடம் கேளுங்கள். புதுவை தன் பெயரை ஓர் அறிக்கைக்குத் தந்துவிட்டது. இனி ஓர் ஆய்வுக்கும் தரட்டும்!