கைம்பெண்ணின் கூற்றும் சொல்லாது எஞ்சியவையும்: ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முன்வைத்து

போர்க்களத்திலிருந்து மீண்ட வீரனைப் பற்றி இலக்கியங்கள் நிறையவே பேசியுள்ளன. மீண்டவனோடு வாழ்நாள் முழுதும் வாழ்ந்தவளைப் பற்றி அவை பேசியது குறைவு. அமெரிக்க எழுத்தாளர் ஆலன் கர்கானஸ் 1989இல் வெளியிட்ட ‘ஓல்டெஸ்ட் லிவிங் கான்ஃபெடரேட் விடோ டெல்ஸ் ஆல்’ என்னும் நாவல் இக்குறையை நேரே எதிர்கொண்ட ஆக்கமாகும். கென் கேமரன் இயக்கத்தில் அது 1994இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் குறுந்தொடராக ஒளிபரப்பப்பட்டது. உள்நாட்டுப் போரில் (1861–1865), அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் சிறுவனாகப் போரிட்டவர் வில்லியம் மார்ஸ்டன். அவருடைய கைம்பெண் லூசி, 99 வயதில் வட கரோலைனாவின் முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து தன் மணவாழ்வை நினைவுகூர்வதே கதை.

தொடர் நாவலை எந்த அளவு பின்பற்றியது என்பதைவிட, இந்நினைவுகூரலில் பேசும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே இக்கட்டுரையின் வினா. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், எச்சம் ஆகிய நான்கும் இதற்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. செய்யுளுக்கு வகுத்தவற்றை அயல்மொழி நாவலுக்கும் திரைக்கும் பொருத்துவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். எனினும் யார், யாரிடம், எங்கிருந்து பேசுகிறார், பேசாது விட்டது எது என்னும் வினாக்கள் கதை சொல்லப்படும் இடமெங்கும் எழுபவை.

1. கூற்றும் கேட்போரும்

நாவல் முழுவதும் லூசியின் கூற்று. எதிரே அமர்ந்து கேட்கும் ஒருவரை விளித்தே அவள் பேசுகிறாள். ஆனால் அவள் விரிக்கும் போர் அவள் பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே முடிந்துவிட்டது. அவள் அறிந்த போர், கணவன் சொல்லச் சொல்லக் கேட்ட போர். ஆகவே அக்கூற்றின் பெரும்பகுதி கொண்டுகூற்றாகவே அமைகிறது. இளவயதில் உடன் போரிட்டு மாண்ட நண்பனின் நினைவு கணவனை விடாது பற்றியிருக்க, அந்நினைவுக்கு உணவு சமைத்து, பிள்ளை பெற்று, இரவு விழித்திருந்தவள் அவள். போர் அவன் உடலில் நிகழ்ந்தது. அதன் பின்விளைவு அவள் இல்லத்தில் நிகழ்ந்தது.

தொடரில் முதிய லூசியாக ஆன் பாங்க்ராஃப்டும் இளைய லூசியாக டயான் லேனும் கணவனாக டொனால்ட் சதர்லாந்தும் நடித்தனர். காட்சி வடிவத்திற்கு ஓர் இயல்புண்டு: ஒருவர் கேட்டு அறிந்ததையும் கண்டு அறிந்ததையும் அது ஒரே ஒளியில் காட்டிவிடும். நாவலில் ஒவ்வொரு நிகழ்வும் லூசியின் நாவில் தங்கித் திரிந்து வருகிறது. அவளது எள்ளலும் ஐயமும் அதன்மீது படிகின்றன. திரையில் அப்படிவு மெலிகிறது. பாங்க்ராஃப்டின் குரல் மீண்டும் மீண்டும் வந்து ‘இது ஒருத்தி சொல்வது’ என்பதை நினைவூட்ட வேண்டியிருப்பதும் இதனாலேயே.

2. இரு பதினைந்து வயதுகள்

மணம் நிகழ்ந்தபோது லூசிக்கு வயது 15; மார்ஸ்டனுக்கு 50. ஆண்டு ஏறத்தாழ 1900. இந்த முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியைப் பொருந்தா மணம் என்ற அளவில் மட்டும் காண்பது போதாது. கணக்கிட்டால், போர் ஓய்ந்தபோது மார்ஸ்டனுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். படை ஒரு சிறுவனை எந்த வயதில் தன் பயன் முடிந்து வெளியே விட்டதோ, ஏறத்தாழ அதே வயதில் ஒரு சிறுமியை மணவாழ்வு உள்ளே கொண்டது. கதை கணவன் மீது இரக்கம் கோருவதற்கும், அவன் இழைக்கும் கொடுமையை மன்னிக்க மறுப்பதற்கும் இதுவே அடிப்படை. அவன் பட்ட துன்பம் அவன் செயலுக்குக் காரணமாகலாம், நியாயமாகாது. தொடரின் வலிமையான பகுதிகள் இவ்வேறுபாட்டைக் காப்பவை.

3. எச்சம்: கஸ்டேலியா

மார்ஸ்டன் குடும்பத்தில் முன்னர் அடிமையாக இருந்த கஸ்டேலியா, லூசியின் தோழியாகிறாள். இப்பாத்திரத்திற்காகச் சிசிலி டைசன் எம்மி விருது பெற்றார். நாவலில் கஸ்டேலியாவின் வாழ்வும் லூசியின் வாய்வழியே நமக்கு வருகிறது. ஆண்டான் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அடிமையாயிருந்தவளின் கதைக்கும் கூற்றுரிமை பெறுகிறாள். யாவும் உரைப்பதாகத் தலைப்பு அறிவித்தாலும், கஸ்டேலியா தன் கூற்றாக எதைச் சொல்லியிருப்பாள் என்பது எச்சமாகவே நிற்கிறது. இவ்விடத்தில் தொடர் நாவலைவிட ஒருபடி முன்செல்கிறது. டைசனின் முகமும் குரலும் லூசியின் சொல்லுக்கு உட்படாதவை. திரை பறித்த கூற்று நுட்பத்தைத் திரையே இங்கு ஈடுசெய்கிறது. 2003இல் எலன் பர்ஸ்டின் ஒருவரே நடித்த பிராட்வே வடிவம் முதல் இரவோடு நிறுத்தப்பட்டது. அவ்வடிவில் கஸ்டேலியாவுக்குத் தனி உடல் இல்லாதது இங்கு எண்ணத்தக்கது.

4. உரைக்காத கைம்பெண்கள்

வரலாற்றில் இத்தகைய கைம்பெண்கள் அண்மைக்காலம்வரை வாழ்ந்தனர். அர்க்கன்சாஸ் மாநிலத்தில் 2008இல் காலமான ஒருவர், 1934இல் தம் 19 வயதில் 86 வயதுக் கூட்டமைப்புப் படைவீரரை மணந்தவர், வறுமையே காரணம். ஊரார் பழிப்பரென அஞ்சி அதை நெடுங்காலம் வெளியிடவில்லை. மிசூரியில் 2020இல் காலமான மற்றொருவர், எதிர்த்தரப்பான ஒன்றியப் படையின் 93 வயது வீரரை 1936இல் தம் 17 வயதில் மணந்தவர். அவர் ஓய்வூதியம் கோரவுமில்லை. எண்பது ஆண்டுகள் மணத்தையே மறைத்தார். லூசியின் ஓயாத பேச்சுக்கு எதிரே இம்மௌனங்களை வைத்துப் பார்க்கும்போதே அப்பேச்சின் அருமை புலப்படும்.

முடிவாக

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு நிலைகள் வகுக்கிறது. கல் வீரனுக்குரியது. அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் கற்கள் எழுந்தன. 1894இல் தோன்றிய கூட்டமைப்பு மகளிர் சங்கம் அவற்றுள் பலவற்றை எழுப்பியது. தோற்ற தரப்பின் அடிமைமுறையை மறைத்து வீரத்தை மட்டும் நிறுத்திய அக்கற்கள் பல அண்மை ஆண்டுகளில் அகற்றப்பட்டுள்ளன. வீரனின் பெயரைக் காப்பதே அவன் வீட்டுப் பெண்ணின் கடன் என்ற எதிர்பார்ப்பை லூசி மீறுகிறாள். கணவனைக் கல்லாக்காமல் மனிதனாகவே நிறுத்தி, அவன் செய்ததையும் அவனுக்குச் செய்யப்பட்டதையும் சேர்த்தே சொல்கிறாள். போரின் வாழ்த்தல் நிலையோடு நின்றுவிடும் நினைவு மரபுகள் எவற்றிற்கும், அதற்குப் பின்னும் ஒரு நிலை உண்டென்பதை, அது இல்லத்தில் எஞ்சியவளின் கூற்று என்பதை, இத்தொடர் அறிவுறுத்துகிறது. அக்கூற்றிலும் ஒரு கஸ்டேலியா எஞ்சுவாள் என்பதை மறவாதிருப்பது கேட்போர் கடன்.