போகாத ஊருக்கு வழி

வெளிநாடு போக கைடு புத்தகம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல. எழுதினவர் அங்கே போயிருக்கிறாரா என்பதை.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய வியாபாரிகளுக்காக கிரேக்க மொழியில் ஒரு கையேடு எழுதப்பட்டது. ‘எரித்ரேயன் கடலின் பெரிப்ளூஸ்’. எழுதியவர் பெயர் தெரியாது. மேற்குக் கரை வரை அபாரம். ஜூலையில் கிளம்பு, முசிறிக்கு நாணயமும் பவளமும் கொண்டு போ, மிளகும் முத்தும் வாங்கி வா என்று சரக்குப் பட்டியலே தருகிறார். பி.காம். படித்த எனக்குப் பரம திருப்தி.

குமரியைத் தாண்டியதும் கை தளர்ந்துவிடுகிறது. கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களின் பெயர், சில கப்பல் வகைகள், பொத்தாம்பொதுவாகச் சரக்கு. கேள்விப்பட்டு எழுதியது என்று ஆய்வாளர்கள் சந்தேகிப்பது நியாயம்தான். இதில் சோபட்மா என்பது, ஈ.சி.ஆரில் புதுச்சேரி போகும்போது உப்புக் குவியல்கள் தெரியுமே, அந்த மரக்காணம் என்பது பலர் கருத்து.

அதே ஊருக்குத் தமிழிலும் ஒரு கைடு உண்டு: நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினமும் மரக்காணம்தான் என்கிறார்கள். அங்கே நுளையர் வீட்டுப் பெண் காய்ச்சிய தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்று ஆள், மெனு இரண்டையும் சொல்லிவிடுகிறார். குறை? நல்லியக்கோடனைப் புகழும் பாட்டு. இன்றைய பாஷையில் ஸ்பான்சர் செய்த புத்தகம். கொள்முதல் விவரம் பூஜ்யம்.

என் தீர்ப்பு: முசிறிக்குப் பெரிப்ளூஸ், மரக்காணத்துக்கு நத்தத்தனார். நீங்கள் வாங்கும் கைடிலும் எந்த ஊர் வெறும் பெயரோடு நிற்கிறது என்று பாருங்கள். அந்த ஊருக்கு மட்டும், போய் வந்தவர்களிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.