வெறுங்காலின் லாகவம்

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டிக்குப் போகிறவர்கள், தறிகளின் ஓசைக்கிடையே பேண்டேஜ் துணி வெள்ளை வெளேரென்று நெய்யப்படுவதைக் கண்டிருப்பார்கள். ரணத்துக்குக் கட்டுவதற்கென்றே பிறந்த அத்தகைய துணி, ரணம் ஏதுமில்லாத இரு பாதங்களைச் சுற்றி ஒரு முறை கட்டப்பட்டுக் கால்பந்தாட்ட சரித்திரத்தில் இடம் பெற்றது. 1936ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், செல்டிக் சங்கத்தின் ஜிம்மி மக்மெனமி குனிந்து கட்டுப் போட, கல்கத்தாவின் முகமது சலீம் சாந்தமாக அமர்ந்திருக்கும் புகைப்படத்தை ரசிகர் பலர் அறிவர்.

1934 தொடங்கி ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தில் வலப்புற ஓரத்தில் ஆடியவர் சலீம். உறவினர் ஒருவரின் தூண்டுதலால் கடல் கடந்து, செல்டிக் நிர்வாகி வில்லி மேலியின் முன் நின்று, பூட்ஸ் அணியாமலே ஆடுவேன் என்றார். அந்நாளைய பூட்ஸோ நுனி கெட்டித்த கனத்த தோல். அதை அணிந்தவன் விரல் நுனியால் பந்தைத் தாக்கலாம். வெறுங்காலனுக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால், புறங்கால், உட்பக்கம், உள்ளங்கால் ஆகியவற்றின் ஸ்பரிசத்தைக் கொண்டே பந்தின் கனத்தையும் சுழற்சியையும் உணர்ந்து, அது போய்ச் சேர வேண்டிய இடத்தை நிச்சயிக்க வேண்டியவனாகிறான். சிரமமே சாதுரியத்துக்குத் தாயாயிற்று எனலாம்.

செல்டிக்கின் இரண்டாம் அணியில் அவர் ஆடியபோது ஹாமில்டன் 5-1 என்றும் கால்ஸ்டன் 7-1 என்றும் தோற்றன. அவ்வூர்ப் பத்திரிகையொன்று, பந்து அவருடைய பெருவிரலிலிருந்து சிறுவிரல்வரை உருண்ட விந்தையை வர்ணித்து, அவரை இந்திய வித்தைக்காரர் என்று தலைப்பிட்டு மகிழ்ந்தது. இதைப் பாராட்டாகக் கொள்ள என் மனம் இடந்தரவில்லை. வித்தைக்காரன் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வான். ஓரத்தில் ஆடுகிறவனின் தர்மமோ, எதிரியைத் தன்பால் இழுத்துவிட்டு, தக்க க்ஷணத்தில் பந்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவது.

ஊர் ஏக்கம் மேலிட அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். ஹைட்டியிலிருந்து நியூயார்க்குக்குப் படிக்க வந்து, உணவு விடுதியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஆடிய ஜோ கேட்ஜன்ஸுக்கு, அமெரிக்காவின் சார்பில் 1950இல் பிரேஸிலில் இங்கிலாந்தை வீழ்த்திய ஒரு கோலாவது வாய்த்தது. உலகம் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சலீமின் ஆட்டமோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கென்று இலைகளும் மாதுளம்பூ அலகும் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கட்டப்படும் கிளியைப் போல, அன்றைய பொழுதுக்கே உரியதாயிற்று.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், வெறுங்காலர் பலரைக் கொண்ட நம் அணி குளிரிலே யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றதும், இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நான்காண்டுக்குப் பின், மெல்போர்ன் ஒலிம்பிக்கில், நெவில் டிசோஸா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடிக்க, பூட்ஸ் அணிந்த இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஆகவே அந்த விதியைக் குறை கூற எனக்கு நியாயமில்லை. ஆயினும், அந்த மூன்று கோல்களையும் சலீம் கொடுத்த ஒரே ஒரு பந்தையும் காட்டி எதைக் காண விருப்பம் என்று கேட்டால், கூசாமல் பின்னதையே கேட்பேன்.