கஞ்சாவுக்கு இரண்டு பக்கங்கள்

எமது பத்திரிகைகளில் கஞ்சா இரண்டு பக்கங்களில் வளர்கிறது. பொலிஸ் செய்திகள் வரும் பக்கத்தில் அது ‘கேரளக் கஞ்சா’. கிராமிலும் கிலோவிலும் நிறுக்கப்படும். அதனருகே ஓர் ஊரின் பெயரும் ஒரு சந்தேகநபரின் வயதும் இருக்கும். பொருளாதாரப் பக்கத்தில் அதுவே ஏற்றுமதிப் பயிர். ஏக்கரிலும் டொலரிலும் அளக்கப்படும். அதனருகே அமைச்சரின் பெயரும் முதலீட்டாளர்களின் எண்ணிக்கையும் இருக்கும். செடி ஒன்றுதான். இவ்விரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும் எழுத்து எமக்கு அரிதாகவே கிடைக்கிறது. இது ஊடகத்தின் குறை மட்டுமல்ல, எமது இலக்கியத்தின் குறையும்தான்.

இக்குறையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டிய ஆவணப்படம் ‘றோலிங் பேப்பர்ஸ்’. மிச் டிக்மன் இயக்கி 2015இல் வெளிவந்தது. சுருட்டும் தாள், பத்திரிகைத் தாள் என்ற இரு பொருளையும் தலைப்பு தருகிறது. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள் 2012 நவம்பரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வாக்களித்தார்கள். 2014 ஜனவரி 1ஆம் திகதி கடைகள் திறந்தன. அதற்குச் சற்று முன்னர், 2013இன் இறுதியில், 1892இல் தொடங்கிய ‘டென்வர் போஸ்ட்’ நாளிதழ் கஞ்சாவுக்கென்றே ஓர் ஆசிரியரை நியமித்தது. அவர் ரிக்கார்டோ பாக்கா. அதுவரை அப்பத்திரிகையில் இசை விமர்சகராகவும் பொழுதுபோக்குப் பகுதியின் ஆசிரியராகவும் இருந்தவர். குற்றச் செய்தியாளரிடம் போகவேண்டியதென்று எவரும் கருதும் விடயம் ஒரு கலை விமர்சகரின் மேசைக்குப் போனது. ‘த கனபிஸ்ட்’ என்ற பகுதி அப்படித்தான் பிறந்தது. அதன் முதலாவது ஆண்டையே படம் பின்தொடர்கிறது.

படத்தின் வேடிக்கைகள் எமது வாசகருக்கு அந்நியமாகவே தோன்றும். கஞ்சா வகைகளை முகர்ந்து, சுவைத்து விமர்சனம் எழுதுபவர்கள் அங்கே வருகிறார்கள். பிள்ளை வளர்ப்பையும் கஞ்சாவையும் சேர்த்துப் பத்தி எழுதும் தாயொருத்தியும் வருகிறார். அந்தக் கேளிக்கை எமக்குத் தேவையில்லை. எமக்கு வேண்டியது அப்பகுதி செய்த மற்றொரு வேலை. 2014 மார்ச்சில் கஞ்சா கலந்த தின்பண்டங்களைக் கடைகளில் வாங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். உறையில் அச்சிட்ட அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் சிலவற்றில் சம்பந்தமே இருக்கவில்லை. 2015இல் பூச்சிநாசினி எச்சங்களைச் சோதித்து எழுதினார்கள். பொருட்கள் சந்தையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டன. கஞ்சாவைப் புகழ்வதற்காக அல்ல, அதை விற்பவரைக் கேள்வி கேட்பதற்காகவே அப்பத்திரிகை அதைக் குற்றப் பக்கத்திலிருந்து வெளியே எடுத்தது எனலாம்.

குறைகளும் உண்டு. படத்தின் கண் பெரும்பாலும் பத்திரிகை அலுவலகத்துக்கு உள்ளேயே நிற்கிறது. அதே காலத்தில், 2013இல், அமெரிக்கக் குடியியல் சுதந்திரங்கள் ஒன்றியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பருக்கு 3.73 மடங்கு அதிகம் என்றது அது. பாவனை இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். புதிய கடைகளின் வெளிச்சத்தில் அந்தப் பழைய கைதிகளின் முகம் தெரிவதில்லை. பாக்கா 2016இன் இறுதியில் பத்திரிகையை விட்டு விலகி, அதே தொழிற்துறைக்குச் சேவை செய்யும் தொடர்பாடல் நிறுவனமொன்றைத் தொடங்கினார். கேள்வி கேட்கும் பேனாவுக்கும் விளம்பரம் எழுதும் பேனாவுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறுகியது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. 2018இன் ஆட்குறைப்பில் அப்பகுதியின் ஊழியர்களும் போனார்கள்.

இந்த நிறைகுறைகளோடு எமது நாட்டுக்கு வருவோம். கஞ்சாவைத் தடைசெய்யும் கட்டளைச் சட்டம் இங்கு 1929ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அதை மருந்துக்கு அனுமதிக்கிறது. 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கையை ஆராய நிபுணர் குழு ஒன்றை முன்மொழிந்தது. அப்போதைய இராஜாங்க அமைச்சர் டயானா கமகே அதற்காகத் தொடர்ந்து வாதாடினார். 2025இல் மீரிகமவில் 64 ஏக்கர் நிலத்தில் பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி என்ற செய்தி வந்தது. இவையெல்லாம் பொருளாதாரப் பக்கம்.

குற்றப் பக்கத்தில் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது? 2023 டிசம்பர் 17ஆம் திகதி ‘யுக்திய’ சுற்றிவளைப்பு தொடங்கியது. தொலைக்காட்சிக் கமெராக்கள் வீட்டு வாசல்வரை கூடவே போயின. ஒரு மாதத்துக்குள் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானதை ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் சுட்டிக்காட்டியது. பொது இடத்தில் ஆடை களைந்து சோதனையிட்டதாக வந்த முறைப்பாடுகளையும் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது. ஹெரோயினும் ஐஸும் கஞ்சாவும் ‘போதைப்பொருள்’ என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துபோயின. கமெரா திரும்பிய பின்னர் அந்த இளைஞன் எங்கே போனான், விளக்கமறியலிலா, புனர்வாழ்விலா? எங்களுக்கு வேண்டிய செய்தி அங்கேதான் தொடங்குகிறது. கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியபோதுதான் அந்தக் கதவு சிறிதளவு திறந்தது. திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

இந்தச் செய்திமொழி ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு மாளிகாவத்தையே சாட்சி. மாகந்துரே மதூஷ் தெற்கிலிருந்து வந்தவர். 2020 ஒக்டோபர் 20ஆம் திகதி, மறைத்துவைத்த ஹெரோயினைக் காட்டுவதற்கென்று பொலிஸாரால் அழைத்துவரப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பில் நின்றது மாளிகாவத்தை. அதே ஆண்டு மே 21ஆம் திகதி, ரமழானில், ஸகாத் பணம் பெற நெருண்டியடித்த கூட்டத்தில் மூன்று பெண்கள் இங்கே மூச்சுத்திணறி மௌத்தானார்கள். அன்றும் தலைப்பில் மாளிகாவத்தை. ஆனால் 1986இல் திறக்கப்பட்ட பெரிய கிரிக்கெட் மைதானமும் இங்கேதான் இருக்கிறது. அது விளையாட்டுப் பக்கத்தில் ‘பிரேமதாச மைதானம்’ ஆகிவிடும், மிஞ்சினால் ‘கெத்தாராம’. வெற்றிக்கு ஒரு பெயர், குற்றத்துக்கு ஒரு பெயர். தொடர்மாடியில் வாழும் பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது விலாசத்தில் எழுதவேண்டியது இரண்டாவது பெயரைத்தான்.

இதற்கு எமது எழுத்து என்ன பதில் சொன்னது? பெரும்பாலும் இரண்டு பதில்கள். ஒன்று மறுப்பு: எங்கள் சமூகத்தில் அப்படியெல்லாம் இல்லை, இது ஊடகங்களின் சதி. மற்றையது குத்பா: ஹறாம், விட்டுவிடுங்கள். முதலாவது பொய். இரண்டாவது உண்மை, ஆனால் போதாத உண்மை. கதையிலும் கவிதையிலும்கூடப் போதைக்குப் பழகியவன் இறுதிப் பத்தியில் திருந்துகிறான் அல்லது செத்துப்போகிறான். இடையிலுள்ள வாழ்க்கை எழுதப்படுவதில்லை. மகனின் தலையணைக்குக் கீழே பொட்டலத்தைக் கண்ட உம்மா அதை யாரிடம் சொல்வது என்று தவிக்கும் இரவு எழுதப்படுவதில்லை.

இவ்விடத்தில் எமது முன்னோர் எம்மைவிடத் துணிச்சலானவர்கள். பிரான்ஸ் ரோசென்தால் 1971இல் எழுதிய ‘த ஹேர்ப்’ என்ற ஆய்வுநூல் மத்தியகால முஸ்லிம் சமூகத்தில் ஹஷீஷ் பற்றி நடந்த விவாதத்தைத் தொகுத்துக் காட்டுகிறது. உலமாக்கள் தனி நூல்கள் எழுதினார்கள், கவிஞர்கள் ஆதரித்தும் எதிர்த்தும் பாடினார்கள். இப்னு தைமிய்யா (மறைவு 1328) அதை மதுவுக்கு நிகராக வைத்து, மதுவுக்குரிய தண்டனையே அதற்கும் என்றார். அவருக்கு முன்னர் கெய்ரோவில் வாழ்ந்த மாலிகி அறிஞர் அல்கறாபி (மறைவு 1285), வெறியூட்டுவது, அறிவைக் கெடுப்பது, உறங்கவைப்பது என்று மூன்றாகப் பிரித்தார். ஹஷீஷை இரண்டாவதில் வைத்து, அதற்கேற்பத் தண்டனையையும் வேறாக்கினார். இருவரும் அதை ஆகுமாக்கவில்லை. ஆனால் எது என்ன செய்கிறது, எவரை எவ்வளவு தண்டிக்கலாம் என்று பிரித்துப் பார்ப்பது நீதியின் பாகம் என்பதை அறிந்திருந்தார்கள். அந்தச் சொற்துல்லியம் எமது செய்திகளிலும் இல்லை, எமது கதைகளிலும் இல்லை.

கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. எம் வீட்டுப் பிள்ளைகளை அது எப்படிக் கெடுக்கிறது என்பதை எமக்கு டென்வர் வந்து சொல்லவேண்டியதில்லை. ஆனால் மீரிகமவில் வேலியிட்டு வளர்ப்பவர் முதலீட்டாளர், மாளிகாவத்தையில் சட்டைப்பைக்குள் வைத்திருப்பவன் குற்றவாளி என்றால், அந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று கேட்க ஒருவர் வேண்டும். பாக்காவிடமிருந்து நாம் எடுக்கவேண்டியது விற்பவரிடம் கணக்குக் கேட்ட அந்தப் பிடிவாதத்தை. விடவேண்டியது கைதானவனை மறந்த அந்தப் பார்வையை. பத்திரிகைகள் இரண்டு பக்கங்களையும் இணைக்கும்வரை காத்திருக்க எமக்கு அவகாசமில்லை. ஒரு நல்ல சிறுகதை அதை இன்றே செய்யலாம். அதற்கு எழுத்தாளன் சமூகத்தின் மானத்தைவிடச் சமூகத்தின் பிள்ளையை நேசிக்கவேண்டும்.